பொதுவும் கேட்பாரற்றதும்

அன்புள்ள ஐயா,

பொதுச்சொத்து பற்றி எழுதும்போதெல்லாம் அதை உயர்த்தியே எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள், ஒரே ஆழ்துளைக் கிணறு. மோட்டாருக்கான மின்கட்டணத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வோம். மோட்டார் ஓயாமல் ஓடும், கோடையில் கிணறு வற்றிவிடும். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, எடுக்கும் அளவுக்குக் காசு என்று ஆக்கினோம். மோட்டார் ஓடும் நேரம் பாதியாகிவிட்டது. எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் அக்கறை இருக்காது. தனியுடைமைதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். என் எண்ணம் தவறா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மீட்டர். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் சொல்லும் வாதம் பழையது. 1833இல் வில்லியம் ஃபார்ஸ்டர் லாயிட் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர், பொது மேய்ச்சலில் நிற்கும் மாடுகள் ஏன் இப்படி மெலிந்திருக்கின்றன என்று கேட்டார். 1968இல் அமெரிக்க உயிரியலாளர் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை அந்த வாதத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. நான் ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் லாபம் முழுக்க எனக்கு. புல் குறையும் நஷ்டமோ எல்லார் தலையிலும் விழுகிறது. ஆகவே ஆளாளுக்கு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், நிலம் அழியும். கணக்கு சரி. ஆனால் அந்தக் கற்பனை நிலத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, கவனித்தீர்களா? 'உன் மாடு எத்தனை?' என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அதற்குப் பெயர் கேட்பாரற்ற நிலம். 'நிர்வகிக்கப்படாத' என்ற சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும் என்று ஹார்டினே 1990களில் ஒப்புக்கொண்டார்.

உண்மையான பொது நிலத்தில் கேட்க ஆள் உண்டு. சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்று ஒரு மலைக்கிராமம். அங்கே வயலும் தோட்டமும் வைக்கோல் புல்வெளியும் அவரவருக்குச் சொந்தம். மலைமேல் உள்ள மேய்ச்சலும் காடும் பொது. 1517இல் எழுதிவைத்த விதி இது: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீனி போட முடியுமோ, அத்தனையை மட்டும் கோடையில் மேலே அனுப்பலாம். எனக்கு இந்த விதியை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. வைக்கோல் எவ்வளவு இருக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கே தெரியும். கோடையில் மட்டும் வெளியிலிருந்து மாடுகளை வாங்கிவந்து, பொதுப் புல்லில் கொழுக்கவைத்து விற்றுவிட்டுப் போக ஒருவனாலும் முடியாது. மீறினால் அபராதம், அதில் பாதி, பிடித்துக் கொடுக்கும் அதிகாரிக்கே. அவர் எப்படிக் கண்ணயர்வார்? தனியுடைமை என்றால் என்ன என்று அறியாத ஊர் இல்லை அது. மேய்ச்சலைப் பொதுவில் வைப்பதுதான் நல்லது என்று தெரிந்தே வைத்தார்கள்.

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் இப்படிப்பட்ட ஊர்களை, பாசனக் கால்வாய்களை, மீன்பிடித் துறைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர். புழங்குகிறவர்களே விதியை வகுக்கிறார்களா, அவர்களே கண்காணிக்கிறார்களா, முதல் தப்புக்குச் சின்னத் தண்டனையில் தொடங்குகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

சரி, தனியுடைமைக்கு வருவோம். அமெரிக்காவின் ஓகல்லாலா நிலத்தடி நீர்ப்படுகைக்கு மேலே இருப்பவை பெரும்பாலும் தனியார் பண்ணைகள். வேலி இருக்கிறது, பட்டா இருக்கிறது. அடியில் ஓடும் நீருக்கு வேலி ஏது? நான் மிச்சம் வைத்தால் பக்கத்துப் பண்ணை இறைத்துவிடும். டெக்சஸில் சில இடங்களில் நீர்மட்டம் 100 அடிக்கும் மேல் இறங்கிவிட்டது. நிலத்தைப் பங்கு போடலாம், நீரைப் பங்கு போட இன்னொரு ஏற்பாடு வேண்டும். அரசே எடுத்துக்கொண்டால் போதும் என்பாரும் உண்டு. கனடா 1977இல் 200 கடல் மைல் வரை மீன்வளத்தைத் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. அப்படியும் அதன் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்தில், காட் மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, 1992இல் மீன்பிடிக்கவே தடை போட வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் பிழைப்பு போனது.

இப்போது உங்கள் மீட்டர். கிணற்றை 12 பங்காக வெட்டி விற்றீர்களா? இல்லையே. கிணறு அன்றைக்கும் பொது, இன்றைக்கும் பொது. எல்லோரும் உட்கார்ந்து பேசி, அளவு வைத்து, காசு வைத்தீர்கள். டோர்பெல்காரர்கள் வைக்கோலை வைத்துச் செய்ததை நீங்கள் மீட்டரை வைத்துச் செய்திருக்கிறீர்கள். தனியுடைமையின் வெற்றி என்று நீங்கள் எழுதியிருப்பதை, ஒரு பொதுச்சொத்து பிழைத்த கதையாகவே நான் வாசித்தேன்.

12 வீட்டில் முடிந்தது 800 கோடிப் பேரிடம் முடியுமா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடாத கேள்வி. காற்றுமண்டலத்தில் யார் எவ்வளவு புகை விடுவது என்பதற்கு இன்னும் அப்படியொரு மீட்டர் அமையவில்லை.

ஒன்று கேட்கிறேன், எழுதுங்கள். மாதாமாதம் அந்த மீட்டர்களைப் பார்த்து எழுதுவது யார்? அந்தத் தாளை 12 வீட்டாரும் பார்க்க முடிகிறதா?