பிரஷர் மாத்திரையும் சாயங்காலக் கால் வீக்கமும்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கருங்கல் பக்கம் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) தொலி உரிக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அம்லோடிபின் 5 மி.கி. எடுத்துவந்தவருக்கு மூன்று மாதம் முன்பு 10 ஆக்கினார்கள். இப்போது சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிகிறது, விடிந்தால் வடிகிறது. சிறுநீர்ப் பரிசோதனை, கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை இரண்டும் சரி. உப்பைக் குறைத்தும் பலனில்லை. பக்கத்து வீட்டு அக்கா 'கிட்னி போச்சு' என்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொல்லி மாற்றலாம். டோஸ் கூட்டிய பிறகு, இரு காலிலும் சமமாக, மாலையில் மட்டும் வருகிறது என்றால் சந்தேகம் முதலில் மாத்திரை மீதுதான். 10 மி.கி. எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வரும். பெண்களுக்கு இன்னும் அதிகம்.

ரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஓடவைக்கும் மாத்திரை காலை ஏன் வீங்க வைக்கிறது? விஷயம் தந்துகிகளில் இருக்கிறது. தமனி கிளைத்துக் கிளைத்து நுண்தமனியாகி, அங்கிருந்து தந்துகியாகிறது. தந்துகியின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுவே 7, 8 மைக்ரான் என்பதால் பல இடங்களில் அது உடம்பை மடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். சுவர் ஒரே ஒரு செல் கனம். ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியே போக அந்த மெல்லிய சுவர் வேண்டும். அதே சுவர் வழியாக நீரும் கசியும். கசிந்த நீரை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன.

தந்துகியைக் காப்பது அதற்கு முன்னால் இருக்கும் நுண்தமனி. பெரிய தமனியில் 120 வரை ஏறும் அழுத்தம், நுண்தமனியின் தசை இறுகியிருப்பதால் தந்துகி வாசலுக்கு வரும்போது சுமார் 35 ஆகிவிடும். அம்லோடிபின் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. அதனால்தான் பிரஷர் இறங்குகிறது. ஆனால் தந்துகியிலிருந்து ரத்தத்தைத் திரும்ப எடுத்துச்செல்லும் மறுபக்கத்து நுண்சிரையை அது அவ்வளவாகத் திறப்பதில்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மடையை அகலத் திறந்து, வடிகாலை அப்படியே விட்டால் வயலில் நீர் கட்டுமே, அதுதான் இது. காலைத் தொங்கப் போட்டால் நுண்தமனி தானாகவே சுருங்கிக் காக்கும். அந்தக் காப்பையும் இந்த மாத்திரை தளர்த்திவிடுகிறது.

உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வந்த வீக்கம் இல்லை என்பதால்தான் உப்பைக் குறைத்தும் வற்றவில்லை. (பிரஷருக்காகக் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பதை விட்டுவிடாதீர்கள்.) மெடிக்கலில் கேட்டு நீர் மாத்திரை வாங்கிப் போடுவதும் இதற்குப் பெரும்பாலும் வீண், சோடியம், பொட்டாசியம் இறங்கித் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு.

டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரம் அளந்து வையுங்கள். கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே பேனாவால் கோடு போட்டு, தையல் டேப்பால் எழுந்ததும் ஒருமுறை, வேலைவிட்டு வந்ததும் ஒருமுறை. முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திக் குழி விழுகிறதா என்றும் பாருங்கள். பிரஷர் அளவோடு இதையும் காட்டினால், 5 மி.கி.க்கு இறக்கி, வேறு வகை பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டானோ ராமிப்ரிலோ சேர்க்கலாமா என்று அவர் முடிவெடுப்பது எளிது. அவை நுண்சிரையையும் திறப்பதால் வீக்கம் குறையும். அவற்றைச் சேர்த்தால் ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சிலருக்கு அம்லோடிபினுக்குப் பதில் சில்னிடிபின் என்ற மாத்திரைக்கு மாற்றுவதுண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால், கொண்டுவருபவரிடமும் வீக்கத்தைச் சொல்லுங்கள். இல்லையெனில் அதே 10 தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். அம்லோடிபின் உடம்பைவிட்டுப் போக நாளாகும். டோஸ் குறைத்த இரண்டாம் நாளே பலன் பார்க்காதீர்கள், ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

அதுவரை, அரைமணிக்கொருமுறை உட்கார்ந்தபடியே 20 தடவை குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்க அரைமணி படுக்கட்டும். சர்க்கரை இருந்தாலோ பாதத்தில் நாடி மங்கலாக இருந்தாலோ இறுக்கும் சாக்ஸை டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிர்காய்ச்சலோடு கால் சிவந்தாலும் அப்படித்தான். காலையில் முகம் உப்பி, சிறுநீர் நுரைத்தால் அப்போது கிட்னியை மறுபடி பார்க்கலாம்.