பண்பாட்டின் வழியே ஸ்பானிய மொழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்பானிய மொழியில் தொடக்க நிலைகளை முடித்து இப்போது பி1 எனப்படும் இடைநிலையில் பயில்கிறேன். எங்கள் வகுப்பில் பாதி நேரம் ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க நாடுகளின் வரலாற்றுக்கும் விழாக்களுக்கும் போய்விடுகிறது. மொழி கற்க வந்த எனக்கு இது தேவைதானா?

பதில்: மிகவும் தேவை என்பதே என் உறுதியான கருத்து. இடைநிலை மாணவரைத் தடுமாற வைப்பவை பெரும்பாலும் இரண்டு: இறந்தகால வடிவங்களுள் எதை எங்கே ஆள்வது என்பதும், விருப்பம், நோக்கம், ஐயம் ஆகியவற்றை உணர்த்தும் சப்ஜங்டிவ் வினைவடிவமும். விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்பிவிடுவார்; ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ச்சியாக விவரிக்கச் சொன்னால் திணறுவார்.

ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் பகுதியின் கெர்னிகா நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று திங்கட்கிழமை, சந்தை நாள், போர் நடந்துகொண்டிருந்தது என்பவை பின்னணி. இவை, பின்னணியையும் தொடர்ந்த நிலையையும் விவரிக்கும் இறந்தகால வடிவமான இம்பெர்ஃபெக்தோவில் வரும். அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவின் பக்கம் நின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் வந்தன, குண்டுகளை வீசின, நகரம் எரிந்தது, அதே ஆண்டில் ஓவியர் பிக்காசோ பாரிஸில் அந்நகரின் பெயரையே தாங்கிய பேரோவியத்தைத் தீட்டினார், அது 1981இல் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது என்பவை முடிந்த நிகழ்ச்சிகள். இவை, முடிந்துபோன செயலைச் சொல்லும் இறந்தகால வடிவமான இந்தெஃபினிதோவில் வரும். (ஓவியம் இப்போது மத்ரித் நகரின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) இந்த வரலாற்றைச் சொந்த வாக்கியங்களில் ஒருமுறை எழுதிப் பாருங்கள், எந்தப் பயிற்சித்தாளும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

சப்ஜங்டிவுக்கு மெக்சிகோவின் இறந்தோர் நாளைப் பரிந்துரைப்பேன். நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில், மறைந்தவர்களின் ஆன்மாக்கள் வீட்டுக்கு வழி கண்டு வரவேண்டும் என்பதற்காகவே செம்பசூச்சில் எனப்படும் துலுக்கச் சாமந்திப் பூவின் இதழ்களைப் பாதையில் தூவுகிறார்கள். அந்த விழாவின் ஒவ்வொரு செயலுக்கும் இப்படி ஒரு நோக்கம் உண்டு. நோக்கத்தை விளக்கும் வாக்கியத்தில் 'பாரா கே' ('வேண்டும் என்பதற்காக' என்று பொருள்) வந்தவுடன் சப்ஜங்டிவும் வந்தாக வேண்டும். படையலில் வைக்கும் உணவு இறந்தவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நினைவுகூரும்போதோ மீண்டும் இம்பெர்ஃபெக்தோ தேவைப்படும்.

கேள்வி: எந்த நாட்டு வழக்கைப் பின்பற்றுவது?

பதில்: உங்கள் ஆசிரியருடைய வழக்கையே பேசுங்கள், மற்றவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். விளிக்கும் முறையில் மட்டும் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்பெயினில் நெருக்கமான பலரை ஒருசேர 'வோசோத்ரோஸ்' (நீங்கள்) என்று விளிப்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் நெருக்கமானவர்களும், மரியாதைப் பன்மையான 'உஸ்தேதெஸ்'தான். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் நெருக்கமான ஒருவரை விளிக்கும் 'தூ'வின் (நீ) இடத்தை 'வோஸ்' பிடித்துக்கொண்டு வினைமுற்றையும் மாற்றிவிடுகிறது. கொலம்பியாவின் போகோத்தா நகரிலோ, ஒருவரை மரியாதையாக விளிப்பது என்று பாடநூல் சொல்லும் 'உஸ்தெத்' குடும்பத்துக்குள்ளும் நண்பர்களிடையேயும் இயல்பாகப் புழங்குகிறது. ஆகவே, ஒரு நாட்டு நேர்காணலையோ நாடகத்தையோ கேட்கும்போது, யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.