செலுத்துநிலைக் கணக்கு (ஒரு நாடு வெளிநாடுகளோடு செய்யும் கொடுக்கல் வாங்கலின் பதிவு): உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஒரு நாடு ஏற்றுமதி செய்ததாகச் சொல்லும் தொகையும், வாங்கிய நாடு இறக்குமதி செய்ததாகச் சொல்லும் தொகையும் ஏன் ஒத்துப்போவதில்லை? யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாரும் இல்லை. அளக்கும் இடம்தான் வேறு. ஏற்றுமதி செய்யும் நாடு, சரக்கு கப்பலேறும்போது உள்ள விலையை எழுதும், இது எஃப்.ஓ.பி. மதிப்பு. இறக்குமதி செய்யும் பல நாடுகளின் சுங்கத்துறை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பைப் பதியும். அடுத்த சிக்கல் இடைத்துறைமுகம். ஹாங்காங் வழியாகப் போகும் சீனச் சரக்கில் ஒரு பகுதியைச் சீனா ஹாங்காங்குக்கான ஏற்றுமதியாகவே எழுதிவிடும். அமெரிக்காவோ, உற்பத்தியான நாட்டைப் பார்த்து அதைச் சீனாவின் பெயரில் வைக்கும். டிசம்பரில் கிளம்பி ஜனவரியில் கரைசேரும் சரக்கு இரண்டு ஆண்டுகளில் விழும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரே பொருளில் ஆண்டுதோறும் பெரிய இடைவெளி இருந்தால், விலையைக் கூட்டியோ குறைத்தோ எழுதிய இன்வாய்ஸ்களைத் தேடலாம். அதற்கு முன்பே குற்றம்சாட்டுவது அவசரம்.

செலுத்துநிலை எப்போதும் சமமாகும் என்கிறார்கள். அப்படியானால் பற்றாக்குறை எப்படி வருகிறது?

மொத்தம்தான் சமமாகும், அதன் பகுதிகள் அல்ல. சரக்கு, சேவை, வட்டி, லாபம், குடும்பங்களுக்கு வரும் பணம் எல்லாம் நடப்புக் கணக்கு. அதில் துண்டு விழுந்தால், ஏறக்குறைய அதே அளவுக்கு வெளிநாட்டு முதலீடோ கடனோ வந்திருக்க வேண்டும், அல்லது அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்திருக்க வேண்டும். அது நிதிக் கணக்கில் தெரியும்.

எனவே பற்றாக்குறை எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள்; அதை எந்தப் பணம் நிரப்பியது என்று பாருங்கள். தாய்லாந்தின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 1995, 1996 ஆண்டுகளில் ஜிடிபியில் சுமார் 8 சதவீதமாக இருந்தது. அதைப் பெருமளவு தாங்கியது குறுகியகால டாலர் கடன். கடன் கொடுத்தவர்கள் புதுப்பிக்க மறுத்ததும் கையிருப்பு வற்றி, 1997 ஜூலையில் பாட் நாணயத்தின் மதிப்பு சரிந்தது.

'பிழைகளும் விடுபடல்களும்' என்ற வரி எதற்கு? கணக்குத் தெரியாதவர்கள் போட்ட கணக்கா?

சரக்கு விவரம் சுங்கத்திலிருந்து வருகிறது, பண விவரம் வங்கிகளிலிருந்தும் நிறுவன ஆய்வுகளிலிருந்தும் வருகிறது. இரண்டும் பொருந்தாத மிச்சம்தான் அந்த வரி. அது கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வந்தால் கவலை வேண்டாம். பல ஆண்டுகள் ஒரே பக்கம் சாய்ந்தால், பதிவாகாத மூலதனம் வெளியேறுவதாக இருக்கலாம். நான் எந்த நாட்டின் அறிக்கையைத் திறந்தாலும் இந்த வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்நிய நிறுவனம் லாபத்தை உள்ளூரிலேயே வைத்திருக்கிறது. ஆனாலும் அது வெளியே போனதாகக் கணக்கில் வருவது ஏன்?

நல்ல கேள்வி. இங்கே இரண்டு பதிவுகள் நடக்கின்றன. அந்த லாபம் உரிமையாளருக்குச் சேர வேண்டிய வருமானம் என்பதால் நடப்புக் கணக்கில் வெளியேற்றம். அவர் அதையே திரும்ப முதலீடு செய்ததாகக் கருதி, நிதிக் கணக்கில் அதே தொகைக்கு அந்நிய நேரடி முதலீடு. எல்லையை ஒரு காசும் தாண்டவில்லை.

ஆகவே 'நேரடி முதலீடு பெருகியது' என்ற செய்தியில் புதுப் பணம் எவ்வளவு, மறுமுதலீடு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இன்னொன்று: வாக்குரிமையில் 10 சதவீதம் இருந்தாலே நேரடி முதலீடு, அதற்குக் கீழே பங்குச்சந்தை முதலீடு. லக்சம்பர்க், நெதர்லாந்து நாடுகளின் எண்களில், பெயருக்கு மட்டும் இருக்கும் நிறுவனங்கள் வழியாக நுழைந்து வெளியேறும் பணமும் கலந்திருக்கும். அயர்லாந்து இன்னும் தீவிரமான உதாரணம். 2015இல் அதன் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் வெளியானது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே மாற்றியதே முக்கியக் காரணம். மக்களின் வருமானம் அப்படி வளரவில்லை. பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே, இந்த வீக்கத்தைக் கழித்த தனி அளவீட்டை வெளியிடத் தொடங்கியது.

பிட்காயின் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

2025இல் வெளிவந்த, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) தயாரித்த செலுத்துநிலைக் கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி, அதற்குப் பின்னால் யாருடைய கடன்பொறுப்பும் இல்லாததால் அது நிதிச்சொத்து அல்ல. அதன் வாங்கல், விற்றல் மூலதனக் கணக்கில் வரும்; இது நடப்புக் கணக்கு, நிதிக் கணக்கு இரண்டிலும் சேராத தனிப் பிரிவு.

வெளிநாட்டில் வேலை செய்பவர் அனுப்பும் பணம் எந்தத் தலைப்பில் வரும்?

குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்ப்பார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ அங்கே வசித்தால் அவர் அந்நாட்டவர் கணக்கு. அவர் வீட்டுக்கு அனுப்புவது இரண்டாம்நிலை வருமானம், அதாவது பதிலுக்கு எதுவும் தராமல் கிடைக்கும் பணம். சில மாத வேலைக்குப் போய்த் திரும்புபவரின் சம்பளமோ, முழுவதுமாக முதல்நிலை வருமானத்தில், அதாவது உழைப்புக்கும் முதலீட்டுக்கும் கிடைக்கும் வருமானத்தில், பதிவாகும்.