சுக்கினிக்கு எட்டுக் கிழமை, ஜிகாமாவுக்கு ஆறு மாதம்

மழைக்கு முன் தோட்டம் திருத்துகிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஜிகாமா என்ற கிழங்கு, சுக்கினி என்ற காய் இரண்டும் எங்கள் திருகோணமலைப் பக்கத்துக்குப் புதிது. அதனால் அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர்ச் மணல் நிலம் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் விதைக்கலாமா? (நிலாவெளியிலிருந்து ஓர் அக்கா)

வேண்டாம் அக்கா, ஒன்று கட்டாயம் கெட்டுப்போகும். ஜிகாமா அவரைக் குடும்பத்துக் கொடி. அது மண்ணுக்கடியில் கிழங்கு வைக்க ஐந்து மாதத்துக்குக் குறையாது, ஆறு மாதம் என்று கணக்கு வையுங்கள். சுக்கினி பூசணிக் குடும்பம், ஆனால் கொடி ஓடாமல் புதராக நிற்கும். விதைத்து 45 முதல் 60 நாளில் காய் பறிக்கலாம்.

ஜிகாமாவை ஒக்டோபர் முதல் மழையோடு போடுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், ஓரடிக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். தரையில் ஊன்றாமல் முழங்கால் அளவு வரம்பு உயர்த்தி அதன் மேல் ஊன்றுங்கள். மாரி முழுக்கக் கொடி பந்தலில் ஏறும். மழை விட்டபின் கிழங்கு பருக்கும். மார்ச் கடைசியில், ஏப்ரலில் கிண்டலாம்.

சுக்கினியை மாரியில் போடாதீர்கள். நான் ஒரு வருடம் ஆசைப்பட்டு நவம்பரில் போட்டேன். செடி அழகாகத்தான் வந்தது. ஆனால் பூ எல்லாம் மழையில் நனைந்து ஒட்டிப்போய், பிஞ்சு நுனியிலிருந்து அழுகிவிட்டது. பெருமழை ஓய்ந்ததும், ஜனவரி நடுப்பகுதிக்கு மேல், இரண்டரை அடிக்கு ஒரு குழியாகப் போடுங்கள். மார்ச்சில் காய் வரும். மே மாதம் கச்சான் காற்று தொடங்கினால் அந்த அகன்ற இலைகள் மத்தியானத்தில் துவண்டுவிடும். அதற்குள் பறித்து முடிக்க வேண்டும்.

இன்னொன்று, இடத்தைச் சமமாகப் பிரிக்காதீர்கள். சுக்கினி ஒரு செடியிலேயே காய் காயாகத் தரும், நாலைந்து செடி ஒரு வீட்டுக்குத் தாராளம். ஜிகாமாவில் பெரும்பாலும் ஒரு கொடிக்கு ஒரு கிழங்குதான். நிலத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுங்கள்.

இரண்டுக்கும் மாட்டெருவும் யூரியாவும் போடலாமா? எங்கள் மண் களி. (மூதூர்)

சுக்கினி நன்றாகச் சாப்பிடும் பயிர். குழிக்கு ஒரு வாளி மக்கிய மாட்டெரு போடுங்கள், பூக்கத் தொடங்கும்போது மேலெருவும் கொடுங்கள். ஜிகாமாவுக்கு அப்படிச் செய்தால் கிழங்கே கிடைக்காது. அதன் வேர் முடிச்சுகளே காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக்கொள்ளும். மேலே யூரியாவும் போட்டால் பந்தல் நிறைய இலைதான் தழைக்கும். கௌபி போட்டு எடுத்த நிலம் இருந்தால் அதுவே நல்ல இடம், முடிச்சு வைக்கும் நுண்ணுயிர் அந்த மண்ணில் ஏற்கனவே இருக்கும். கொஞ்சம் மக்கிய கூட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போதும்.

களிமண்தான் உங்களுக்குச் சிக்கல். களியில் கிழங்கு கோணலாகப் பிளந்து வரும், தண்ணீர் தேங்கினால் அழுகும். ஆற்று மணலும் மக்கிய இலையும் கலந்து வரம்பை இன்னும் உயர்த்துங்கள். அதற்கு வசதியில்லை என்றால் இந்த வருடம் சுக்கினியோடு நில்லுங்கள். வடிகால் மட்டும் இருந்தால் அது களியிலும் வரும்.

ரொறன்ரோவில் அண்ணா ஜிகாமா போட்டார். கொடி மட்டும்தான் ஓடியதாம். எங்களுக்குக் கிழங்கு வருமா? அவர் விதை கொண்டுவருவதாகவும் சொல்கிறார். (தம்பலகாமம்)

வரும். அண்ணாவின் கைராசியில் குறையில்லை, அந்த ஊரின் பகல்தான் நீளம். பகல் குறுகினால்தான் ஜிகாமா கிழங்கு வைக்கத் தொடங்கும். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். பகல் குறுகும் நேரத்தில் அங்கே குளிர் வந்து கொடி செத்துவிடும். திருகோணமலையில் வருடத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டித்தான். டிசம்பரில் அது இன்னும் குறையும், குளிரும் இல்லை. மெக்சிக்கோவில் பிறந்த பயிர் என்றாலும், மலேசியாவில் அதைச் செங்குவாங் என்று சொல்லித் தெருவோரத்திலேயே விற்கிறார்கள். எங்கள் கரையும் அதற்குப் பொருந்தும்.

ஆனால் அண்ணாவிடம் விதையைப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இலங்கையின் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். ஒரு பை விதையோடு வந்துசேரும் நோய் ஊரிலுள்ள பயறு, கௌபி எல்லாவற்றையும் தாக்கலாம்.

ஜிகாமாக் காயை அவரை போல் சமைக்கலாமா? காய்ந்த கொடியை ஆட்டுக்குப் போடலாமா? (கிண்ணியா)

இரண்டும் கூடாது. இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஜிகாமாவில் சாப்பிடக்கூடியது கிழங்கு மட்டும்தான். முற்றிய விதையிலும் நெற்றிலும் இலையிலும் ரோட்டினோன் என்ற நஞ்சு இருக்கிறது. விதையை அவித்துச் சாப்பிட்டு உயிர்போனவர்களும் உண்டு. பார்த்தால் சாதாரணப் பயறு மாதிரியே இருப்பதுதான் பயம். விதைக்கு வைத்திருப்பதைச் சமையலறையில் வைக்காதீர்கள். போத்தலில் அடைத்து, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தவறிச் சாப்பிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொடியை ஆடு, மாட்டுக்குப் போடாதீர்கள். குளத்திலோ வாய்க்காலிலோ எறியவும் வேண்டாம், ரோட்டினோன் மீனைக் கொன்றுவிடும். கூட்டெருக் குழியில் போடலாம், வெயிலிலும் மண்ணிலும் அந்த நஞ்சு சிதைந்துவிடும்.

பூ வந்தவுடன் கிள்ளிவிட்டால் இந்தக் கவலையில் பாதி குறையும். கொடியின் சத்தும் காய்க்குப் போகாமல் கிழங்குக்கு இறங்கும். விதைக்கு வேண்டும் என்றால் ஒரே ஒரு கொடியைத் தனியாக விடுங்கள்.

சுக்கினி பூக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. (உப்புவெளி)

மகரந்தம் சேரவில்லை. பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அந்த நேரம் தேனீ வராவிட்டால் பிஞ்சு விழும். காலை ஏழு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். முதல் கிழமையில் ஆண் பூ மட்டும் வந்தால் பயப்படத் தேவையில்லை, அது வழக்கம். சூடு மிகுந்தாலும் ஆண் பூதான் கூடும். காலையில் பூச்சி மருந்து அடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

பக்கத்தில் நாட்டுப் பூசணி நின்றால் சுக்கினி கசக்குமா? (பாலையூற்று)

கசக்காது. எங்கள் நாட்டுப் பூசணி வேறு இனம், சுக்கினியோடு இலேசில் கலக்காது. கலந்தாலும் இந்த வருடக் காயின் சுவை மாறாது, அதன் விதையிலிருந்து வரும் செடியில்தான் தெரியும். காய் கடும் கசப்பாக இருந்தால் மட்டும் துப்பிவிட்டு எறியுங்கள், அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும்.

எங்கள் கிணறு கோடையில் உவர்க்கும். எதைப் போடலாம்? (சல்லி)

சுக்கினி. இலேசான உவரை அது தாங்கும். அவரை இனங்களுக்குப் பொதுவாக உவர் ஆகாது, ஜிகாமாவுக்கு மழைத் தண்ணீரை நம்புங்கள்.

எப்போது பறிப்பது, எப்படி வைப்பது? (கன்னியா)

சுக்கினியை ஒரு சாண் நீளத்தில் பறியுங்கள். காய்க்கும் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைப் பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் காய் முற்றி விதை வைக்கும், செடியும் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துவிடும். பறித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு கிழமைக்குள் வறையோ பால்கறியோ வைத்துவிடுங்கள். நிறையத் தண்ணீர் விடும் காய் என்பதால் தேங்காய்ப்பாலைக் கெட்டியாக, கடைசியில் சேருங்கள்.

ஜிகாமாவைக் கிண்ட இரண்டு கிழமைக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு கிலோ அளவில் எடுத்தால் மொறுமொறுப்பாக, இனிப்பாக இருக்கும். அளவுக்கு மேல் விட்டால் நார் பாயும். முழுக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் பட்டால் உள்ளே நிறம் மாறிக் கெடும். கழுவாமல், காற்றோட்டமான நிழலில் பரப்பி வையுங்கள். வெட்டிய மீதியை மட்டும் மூடிக் குளிரில் வைக்கலாம். மண்ணிறத் தோலை நாரோடு உரித்து, தேசிக்காய்ப் புளியும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பச்சையாகவே சாப்பிடுங்கள்.