சிஓஎஸ் தயார், 14 லட்சம் கட்டு என்கிறார் ஏஜென்ட்

கேள்வி: வயது 31. கோவையில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மனைவி, ஒரு குழந்தை. பிரிட்டன் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான ஸ்பான்சர் சான்று, அதாவது சிஓஎஸ், கையில் தயார், இன்டர்வியூ கிடையாது, வருடம் 36,000 பவுண்டு சம்பளம், 14 லட்சம் கட்டுங்கள் என்கிறார் ஏஜென்ட். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டுக்குப் போக இவ்வளவு செலவா? கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

சம்பளத்திலேயே இடிக்கிறது. 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்குப் பொதுவான குறைந்தபட்ச சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. உங்கள் வேலைக்கென்று வகுத்த தொகை அதைவிட அதிகமென்றால் அதுதான் கணக்கு. 33,400 என்ற சலுகை 26 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், அங்கேயே படித்து முடித்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும்.

‘தயாராக’ சிஓஎஸ் இருக்கவும் வழியில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவரை எடுக்க, பணி, சம்பள விவரத்தோடு அந்த ஒரு வேலைக்கென்று உள்துறை அமைச்சகத்திடம் நிறுவனம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்குக் கட்டணம் 525 பவுண்டு. பெரிய நிறுவனம் ஸ்கில்ஸ் சார்ஜ் என்று வருடத்துக்கு 1,320 வேறு கட்டும். மூன்று வருடத்துக்கு 3,960. இரண்டையும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது. வசூலித்தால், வெளிநாட்டு ஆளை எடுக்க நிறுவனம் வாங்கியிருக்கும் ஸ்பான்சர் லைசென்ஸே பறிபோகலாம். உள்ளூர் ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட வெளியாள் மலிவாகிவிடக் கூடாது என்று போட்ட வரிதான் ஸ்கில்ஸ் சார்ஜ். அதை உங்கள் தலையில் கட்டினால் வரியின் நோக்கமே போச்சு.

ஆள் பற்றாக்குறை உண்மைதான். 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விசாவைத் திறந்தார்கள். காலியிடம் நிரம்பியது, சம்பளத்தை உயர்த்தும் நெருக்கடியும் தளர்ந்தது. ஏஜென்டுகள் சிஓஎஸ் விற்றார்கள். போய் இறங்கிய பலருக்குச் சொன்ன வேலை இல்லை. ஆண்டு நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை, ஒரு கட்டத்தில் 9 லட்சத்தைத் தாண்ட, அரசியல் திரும்பியது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சம்பள வரம்பும் முரட்டு அளவுகோல்தான்: லண்டன் வங்கிக்கு 41,700 ஒரு பொருட்டே இல்லை, சிற்றூர் நிறுவனத்துக்கு எட்டாது.

நேர்மையான வேலை கிடைத்தால் உங்கள் கைச்செலவு விசா கட்டணமும், அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்கான ஹெல்த் சர்சார்ஜும். சர்சார்ஜ் வருடத்துக்குப் பெரியவருக்கு 1,035, குழந்தைக்கு 776. மூன்று பேருக்கு மூன்று வருடம் 8,538 பவுண்டு, மொத்தமாக முன்கூட்டியே. விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பும், விசா கட்டணம் திரும்பாது.

நிறுவனத்தின் பெயர் பிரிட்டன் அரசுத் தளத்தின் ஸ்பான்சர் பட்டியலில், ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ பிரிவில் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், நல்ல கம்பெனியின் பெயரைத் திருடுவதும் நடக்கிறது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு மெயில் போட்டு, ஆஃபர் லெட்டர் அவர்களுடையதா என்று கேளுங்கள். போலி ஆவணம் உங்களுக்குத் தெரியாமல் நுழைந்திருந்தாலும் விசா மறுக்கப்படலாம். தெரிந்தே வைத்ததாக முடிவானால் 10 ஆண்டுத் தடை.

ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல்களோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.