பாடாங் செராயில் வீடு தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் புறப்பட இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதன் பக்கத்து ஊரான பாடாங் செராயில் நாங்கள் நான்கு குடும்பங்கள் பல பொருள்களைப் பொதுவில் வைத்துப் புழங்குவதை யாரோ சொல்லக் கேட்டு, குறைந்த பொருளோடும் குறைந்த குப்பையோடும் வாழ நினைக்கும் புதியவர்களுக்கு அப்படியொரு வாழ்க்கை அமையுமா, அல்லது தனியாக ஒரு வீடு எடுத்து ஒதுங்கி இருப்பதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் அமையும். ஆனால், வாடகையையும் அறைகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்பு அக்கம்பக்கத்தைப் பார்த்து வீடு தேட வேண்டும்.

நான் 2001-இல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்தேன். என் கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, தாமான் என்று இங்கே சொல்லும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள். வந்த புதிதில் என் மாமியார் ஏணி இரவல் வாங்குவதும், எதிர்வீட்டுக்கு உரல் கொடுப்பதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. சொந்தமாக வாங்க முடியாதவர்கள்தான் இரவல் கேட்பார்கள் என்று நினைத்து, ஏணி, துளையிடும் கருவி, புல் வெட்டும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். ஆண்டுக்கு நான்கு முறை தொடுகிற பொருள்களுக்காக ஓர் அறையையே விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பது எனக்குப் புரியவே ஐந்து ஆண்டுகள் ஆயின.

தாமான் வீடுகள் இரண்டு வரிசையாக முதுகோடு முதுகு பார்த்து நிற்கும். நடுவில் ஒரு கால்வாயும் ஒரு பின்பாதையும் இருக்கும். எங்கள் நான்கு அடுப்படிகளும் அந்தப் பாதையைப் பார்த்தே திறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மாவரைக்கும் இயந்திரம் அங்கே வெளியே வரும். முதலில் எல்லா வீட்டு உளுந்தும், பிறகு அரிசியும் அரைபடும். அன்றைக்கு யாருக்கு வேலை நேரம் முந்தியோ அவருடைய பாத்திரம் முதலில் நிரம்பும். அரிசி களைந்த நீரும் இயந்திரத்தைக் கழுவிய நீரும் கால்வாயோரத்து வாழைக்கும் செராய்ப் புதருக்கும் போகும். (செராய் என்றால் மலாயில் எலுமிச்சைப்புல், ஊரின் பெயரே அதுதான்.) ஒரு வரிசைக்கு நான்கு இயந்திரம் வேண்டியதில்லை, நான்கு முறை கழுவவும் வேண்டியதில்லை. அதில் தானியமும் பருப்பும் மட்டுமே அரைப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டோம். அதனால்தான் எங்களோடு சேர்ந்திருக்கும் மலாய்க்காரர் வீட்டு மாக்சிக் (அத்தை என்பதுபோல மலாயில் வயதில் மூத்த பெண்ணை அழைக்கும் சொல்) அவர்களும், சைவம் மட்டுமே சாப்பிடும் கடைசி வீட்டு அக்காவும் தயக்கமில்லாமல் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சமையலை மட்டும் ஒருபோதும் பொதுவாக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. உப்பும் காரமும் சாப்பிடும் நேரமும் வீட்டுக்கு வீடு வேறு. சேர்ந்து வாழ்வது என்றதும் ஒரே அடுப்பைக் கற்பனை செய்துகொண்டு வந்தவர்கள் சீக்கிரமே மனக்கசப்போடு பிரிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அடுப்பு நான்கு, ஏணி ஒன்று.

எங்களுக்குள்ளும் ஒரு முறை பெரிய விரிசல் வந்தது. கூரை நீரைப் பிடிக்க நான்கு பேரும் காசு போட்டு ஒரு பீப்பாய் வாங்கி, என் சுவரோரம் வைத்தோம். பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பங்கள் வெளியூர் போயிருந்தபோது காற்றில் மூடி விலகிவிட்டது. டிங்கி (டெங்கு) காய்ச்சலுக்காகச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் கைவிளக்கு அடித்துப் பார்த்தபோது, நீரில் புழுக்கள் நெளிந்தன. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் என் பெயருக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் எழுதப்பட்டது. நானே கட்டினேன். மற்றவர்கள் கேட்கவில்லை, நானும் வாய்திறந்து சொல்லவில்லை. இரண்டு மாதம் பின்பாதையில் இயந்திரம் ஓடவில்லை, கதவுகளும் திறக்கவில்லை. கடைசியில் என் மாமியார்தான் ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்து, பின்கதவு ஆணியில் மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பொதுப் பொருளுக்கும் மாதம் ஒரு வீடு பொறுப்பு; பழுதும் அபராதமும் நான்கு பங்கு; கொடுத்தது வாங்கியது எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறும். பீப்பாயின் வாயில் இப்போது மெல்லிய வலை கட்டியிருக்கிறது. அதற்குப் பொறுப்பான வீட்டார் வாரம் ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்துப் புத்தகத்தில் குறிக்கிறார்கள்.

சிறு காசைச் சேர்த்துக் கணக்கு வைப்பது இந்த மண்ணின் தமிழர்களுக்குப் புதிதில்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடியதால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அது முதலில் வாங்கியது நம் கெடா மாநிலத்து புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதில் பங்கு போட்டவர்களில் என் கணவரின் தாத்தாவும் ஒருவர். என் மாமியார் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது அந்தத் தாத்தாவின் நினைவில்தான் எடுத்திருப்பார் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அதற்காகச் சீட்டு நடத்தும் யோசனை எதிலும் சேர்ந்துவிடாதீர்கள். இங்கே 'கூட்டு' என்று சொல்லப்படும் சீட்டுப் பிடிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவர் அதில் மாட்டிக்கொள்வது தேவையில்லாத வம்பு. நாங்கள் வாங்கிய பொருளின் விலையைப் பிரித்துக்கொள்கிறோமே தவிர, பணத்தைச் சேர்த்துச் சுழற்சியில் விடுவதில்லை. காய்ந்த இலையைத் தெருவில் கூட்டி எரிப்பதும் கூடாது. திறந்தவெளியில் எரிப்பது இங்கே குற்றம்.

குப்பையைப் பொறுத்தவரை கெடா உங்களுக்கு வசதியான மாநிலம். 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே தரம் பிரிப்பது இங்கே கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் பொதுக் குப்பையையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களோடு தோட்டக் கழிவையும் பெரிய சாமான்களையும் எடுத்துச் செல்வார்கள். காய்கறித் தோலை நாங்கள் நான்கு வீட்டுக்கும் பொதுவான இரண்டு தொட்டிகளில் காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கி உரமாக்குகிறோம். மீன் முள்ளையும் சோற்றையும் போட்டால் எலி வரும், அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். பழைய எண்ணெயை ஒரே தகரத்தில் சேர்த்தால் நிறுத்து வாங்கிப் போக ஆள் வருவார்; ஒரு வீட்டு எண்ணெய்க்கு யாரும் வரமாட்டார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது முன்வாசலில் நிற்காதீர்கள். மாலை ஆறு மணிக்குப் பின்பாதையில் ஒரு நடை நடந்து பாருங்கள். பூந்தொட்டிகளும் பழைய நாற்காலியும் கிடந்து, பேச்சுக் குரலும் கேட்டால், வாடகை ஐம்பது வெள்ளி கூடுதலானாலும் அந்த வீட்டையே எடுங்கள். எல்லாப் பின்கதவும் இரும்புப் பூட்டோடு இருந்தால், எவ்வளவு அழகான வீடானாலும் உங்கள் விருப்பம் அங்கே தனியாகவே நிற்கும். குடிவந்து மூன்று மாதத்துக்குச் சோற்றுப் பானையும் படுக்கையும் தவிர அதிகம் வாங்க வேண்டாம். தேவையானதை இரவல் கேளுங்கள். திருப்பித் தரும்போது துடைத்து, கையில் ஏதாவது ஒன்றோடு கொடுங்கள். தாமானில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, நடக்கும்போது துடைப்பத்தோடு முதலில் போய் நில்லுங்கள். புதிய திட்டம் எதையும் நீங்களாக அப்போது முன்வைக்க வேண்டாம். ஏற்கெனவே அவர்கள் செய்துகொண்டிருப்பதில் ஒரு கை கூடட்டும்.

மகளைப் பற்றிய கவலை வேண்டாம். தோட்டத்தில் தாய்மார்கள் மரம் வெட்டப் போனபோது பிள்ளைகளை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. இப்போது அந்த வேலையைப் பின்பாதையில் என் மாமியாரும் மாக்சிக்கும் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நால்வரும் ஓட்டிப் பழகிய மூன்று சக்கர வண்டி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன். வந்து சேர்ந்த முதல் ஞாயிறு காலை, உங்கள் மனைவியை ஊறவைத்த உளுந்தோடு எங்கள் பின்கதவுக்கு வரச் சொல்லுங்கள்.