எஸ்தர் தெரியும், சூஷன்துக்த் தெரியுமா?

கேள்வி: எஸ்தர் மாதிரி ஒரு யூதப் பொண்ணு நிஜமாவே பாரசீக ராஜாவுக்கு மனைவியா இருந்ததுக்கு பைபிள் தவிர வேற ஆதாரம் இருக்கா?

பதில்: எஸ்தருக்கு இதுவரை கிடைக்கல. பைபிள்ல எஸ்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட ராஜா அகாஸ்வேருன்னா முதலாம் செர்க்சஸ்தான்னு பொதுவா சொல்றாங்க, ஆனா கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினதுல அவரோட மனைவி அமெஸ்ட்ரிஸ், பாரசீகப் பெரிய வீட்டுப் பொண்ணு. ஆனா செர்க்சஸ் காலம் முடிஞ்சு 850 வருஷத்துக்கு மேல கழிச்சு, அதே மண்ணுல சாசானியங்கற பாரசீக வம்சத்து ராஜா முதலாம் யஸ்தகெர்டுக்கு (ஆட்சி கி.பி. 399–420) ஒரு யூத மனைவி இருந்தாங்கன்னு பஹ்லவி, அதாவது பழைய பாரசீக மொழி நூல் ஒண்ணு சொல்லுது. பேரு சூஷன்துக்த். அப்பா ரேஷ் கலூதா, அதாவது பாபிலோனிய யூதர்களுக்கெல்லாம் தலைவர், தாவீது வம்சம்னு சொல்லிக்கிட்ட குடும்பம். எஸ்தர் தன்னோட குலத்தை மறைச்சு அரண்மனைக்குள்ள போனவங்க, இவங்க விஷயத்துல அப்பா யாருன்னு ஊருக்கே தெரியும், எனக்கு ரொம்பப் பெரிசா படறது அதுதான்.

கேள்வி: அக்னியை வணங்குற ராஜா எதுக்கு யூத வீட்டுல பொண்ணு எடுத்தார்?

பதில்: காரணத்தை யாரும் எழுதி வைக்கல, ஆனா நிலைமையைப் பார்த்தா ஓரளவு புரியும். யஸ்தகெர்டுக்கும் பிரபுக்கள், அக்னி வழிபாட்டு மதமான ஜொராஸ்டிரியத்தோட குருமார்களுக்கும் ஆகவே ஆகாது, அவங்க வழி வந்த சரித்திரத்துல அவர் பட்டப்பேரே 'பாவி', ஆனா கிறிஸ்தவங்க 410-ல தலைநகர்லயே சபைக் கூட்டம் நடத்த அனுமதி கொடுத்ததும் இதே ஆள்தான். யூதப் பெரியவங்ககிட்டயும் நல்ல நெருக்கம். யூதர்களோட சட்ட, மரபு நூலான தல்மூத்ல ஒரு சம்பவம் வருது, ஹூனா பர் நாத்தான்னு ஒரு யூதப் பெரியவர் ராஜா முன்னாடி நிக்கறார், அவரோட இடுப்புக் கச்சை கொஞ்சம் மேல ஏறியிருக்கு, ராஜாவே கை வச்சு அதைக் கீழ இறக்கி விட்டு, நீங்க ஆசாரிய ராஜ்யம், பரிசுத்த ஜாதின்னு எழுதியிருக்கேன்னு சொல்றார். மத்தவங்க வேத வசனத்தை அவங்க மூஞ்சிக்கு நேரா மரியாதையா சொல்ற ராஜா எத்தனை பேர் இருந்திருப்பாங்க!

கேள்வி: சூஷன்துக்த் என்ன செஞ்சாங்க? வெறும் ராஜா பொண்டாட்டி மட்டும்தானா?

பதில்: இல்லவே இல்ல. ஈரான்ல இருக்கற சூசா, சூஷ்தர் ரெண்டு ஊரையும் கட்டினது அவங்கன்னு அந்த நூல் சொல்லுது. சூசா அவங்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முந்தின ஊர், அதனால புதுசா கட்டினாங்கன்னு எடுத்துக்க முடியாது, யூதக் குடியிருப்பு அமைச்சிருப்பாங்கன்னு நினைக்கறேன். இஸ்ஃபஹான் பக்கத்துல யூதர்களைக் குடி வச்சதும் அவங்க கேட்டுக்கிட்டதாலதான்னு அதே நூல் சொல்லுது, பிற்காலத்துல அங்க 'யஹூதிய்யா'ன்னே ஒரு ஊர்ப்பகுதி பெரிசா வளர்ந்துச்சு. எல்லாத்துக்கும் மேல, பாரசீகக் கவிஞர்கள் பாடித் தீர்க்காத வேட்டைக்கார ராஜா பஹ்ராம் கோர் இவங்க பையன்னும் அதுல இருக்கு. தாய் வழி பார்க்கற யூத சட்டப்படி, சாசானிய சிம்மாசனத்துல 18 வருஷம் உட்கார்ந்தவர் ஒரு யூதர்!

கேள்வி: ஈரான்ல எஸ்தர் கல்லறை இருக்குங்கறாங்களே?

பதில்: ஹமதான்ல இருக்கு. செங்கல் கோபுரம், குனிஞ்சுதான் நுழைய முடியற குட்டைக் கல் கதவு, உள்ள எஸ்தருக்கும் அவங்களை வளர்த்த சொந்தக்காரர் மொர்தெகாய்க்கும் மரப்பேழைகள். ஈரான் யூதர்களுக்கு அது புனிதத் தலம், எஸ்தர் கதையைக் கொண்டாடற பூரிம் பண்டிகை சமயத்துல போய் வேண்டிக்கறாங்க. ஆனா எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட்ங்கற தொல்லியல் அறிஞர் அது சூஷன்துக்த் கல்லறையா இருக்கணும்னு சொன்னார். நிரூபணம் ஆகல, இருந்தாலும் அங்க போறவங்க எஸ்தரோட சேர்த்து இவங்க பேரையும் ஒரு தடவை சொல்லணும்னு எனக்கு ஆசை.